கொசுவைத் தேடிய வைத்தியர்

ஹைதராபாத்தில் படிக்கும் நமக்குப் பேகம்பேட்டை புதிய இடமன்று. மலேரியாவின் மர்மம் உடைந்தது அங்கேதான். உடைத்தவர் ரொனால்டு ராஸ்.

1857-இல் அல்மோராவில் பிறந்தவர். தந்தை பட்டாளத்து அதிகாரி. மகனுக்கோ கவிதையிலும் சங்கீதத்திலும் மோகம். தந்தையின் பிடிவாதத்தால் வைத்தியம் படித்து, 1881-இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்தார். 1883-இல் பெங்களூர் பங்களாவில் கொசுத் தொல்லை. ஜன்னலருகே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்தார்; கொசு குறைந்தது.

1894-இல் லண்டனில் பாட்ரிக் மான்சன் அவருக்கு மலேரியாக் கிருமியைக் காட்டி, கொசுவின்மேல் சந்தேகத்தையும் ஏற்றி அனுப்பினார். மறுவருஷம் முதல் செகந்திராபாத்தில் ராஸ் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். பயனில்லை. அவர் கையில் சிக்கியவை க்யூலெக்ஸும் ஏடிஸும். மனிதரின் மலேரியா அவற்றில் ஏறாது.

1897 ஆகஸ்டில் வேறு வகைப் புழுக்கள் கிடைத்தன. புட்டியில் வளர்த்தார். இறகில் புள்ளியுடன் அனாபிலிஸ் கொசுக்கள் வெளிவந்தன. இரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை விளைய அது வேண்டும். ஹுசேன் கான் என்ற நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா கூலியில் கடிபடச் சம்மதித்தார். ராஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் தள்ளிவிடுவது, விலங்கியல் படிக்கும் எனக்கு உறுத்துகிறது. அவருடைய இரத்தம் இல்லாவிட்டால் கதையே இல்லை.

கடித்த பின் கொசு சாகக்கூடாது. கிருமி அதன் வயிற்றில் முதிர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பத்து நாளுக்கு மேலும் ஆகும். அதற்குள் கொசு மாண்டால் கிருமியும் மாண்டது. பகைவன் தீர்க்காயுளோடு இருக்கவேண்டுமென்று வைத்தியர் வேண்டிக்கொள்ளும் விந்தையைப் பாருங்கள்! ஆகஸ்டு 20-ஆம் தேதி, எஞ்சியவற்றுள் ஒன்றை அறுத்தார். இரைப்பைச் சுவரில் கரும்பொட்டுகளுடன் வட்டமான அணுக்கள். மறுநாள் அறுத்த கொசுவில் அவை இன்னும் பெருத்திருந்தன. வளர்கின்றன!

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சர்க்கார் அவரை ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றிற்று. 1898-இல் கல்கத்தா வந்ததும் பறவைகளின் மலேரியாவைப் பற்றிக்கொண்டார். ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே கிருமியைக் கண்டார். அக்கொசுக்கள் கடித்த நல்ல குருவிகளும் நோயுற்றன. மனிதர் விஷயத்தில் இதை அவ்வருஷமே இத்தாலியில் கிராஸி குழுவினர் நிறுவினார்கள். யார் முந்தியவர் என்று ராஸ் கிராஸியோடு நெடுநாள் தொடுத்த சண்டை எனக்கு உவப்பாயில்லை. இவ்வளவு பொறுமைசாலிக்கு அது மட்டும் பொறுக்கவில்லை.

1902-இல் நோபல் பரிசு வந்தது. அவ்வருஷமே சூயெஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் தேங்கிய நீரை ஒழிக்க வழி சொன்னார். பெங்களூர்ப் பீப்பாய்க்குச் செய்த வைத்தியந்தான். ஊரில் மலேரியா ஒடுங்கிற்று. 1927-இல் கல்கத்தா ஆஸ்பத்திரி வாசலில் தம் பெயரால் எழுந்த நினைவுச் சின்னத்தைத் தாமே திறந்து வைத்தார். 1932 செப்டம்பரில் லண்டனில் காலமானார்.