நட்சத்திர ஒளியைப் படித்த வைணு பாப்பு

மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டையில் மாறி, வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் வரும். அங்குள்ள பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்பு என்று பெயர். அதை உருவாக்கப் பாடுபட்டவர் அவர்தான். ஆனால் அதன் வழியாக ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பாப்பு 1927 ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் ஐதராபாத் நிஜாமியா வான் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். மகனையும் வானம் இழுத்துக்கொண்டது. ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1949-ல் அங்கு அவர் கண்டுபிடித்த வால் நட்சத்திரம் அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

கல்லும் ஒளியும்

2001-ல் சுரங்கம் மூடப்படும் வரை, நம் ஊரில் கல்லைப் பொடித்துச் சோதித்து, அதில் தங்கம் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். நட்சத்திரத்தைப் பொடிக்க முடியாது. அதன் ஒளியைப் பிரிக்கலாம். நிறமாலைக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. வானவில்லாக விரியும் ஒளியின் நடுவே கோடுகள் தெரியும். எந்தக் கோடு எந்தப் பொருளுக்கு உரியது என்று கண்டுகொள்ளலாம்.

கால்சியம் உண்டாக்கும் கருங்கோட்டின் நடுவே, சில நட்சத்திரங்களில், ஒளிரும் கோடு ஒன்று தெரிகிறது. அதன் அகலத்தைக் கொண்டு நட்சத்திரத்தின் உண்மைப் பிரகாசத்தையும், அதிலிருந்து தூரத்தையும் அறியலாம். இதை 1957-ல் வெளியிட்டவர்கள் வில்சனும் பாப்புவும். உலகம் இதை வில்சன்-பாப்பு விளைவு என்கிறது.

தாயகம் திரும்பினார்

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். அவர் திரும்பி வந்து நைனிதாலில் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். 1960-ல் கொடைக்கானல் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். தெளிந்த இரவு வானம் தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் அங்கு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் வேலை தொடங்கின. 1971-ல் தன்னாட்சி பெற்ற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைப் பெங்களூரில் வளர்த்தார்.

அடுத்தது 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதன் பெரிய கண்ணாடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது.

1979-ல் அவர் உலக வானியல் சங்கத்தின் தலைவரானார். அப்பதவியில் இருக்கும்போதே, 1982 ஆகஸ்டு 19-ந் தேதி, ஜெர்மனியின் மூனிச் நகரில் காலமானார். வயது 55. தொலைநோக்கியின் வேலை அப்போது முடியவில்லை. 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்.

பாப்பு காலத்தில் நட்சத்திரங்களின் நிறமாலையை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். பின்னாளில் காவலூரிலேயே, தொலைநோக்கி பிடிக்கும் ஒளியை மெல்லிய கண்ணாடி இழை வழியே தனி அறைக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கும் கருவி வந்தது. அமெரிக்காவில் ஒரு 4 மீட்டர் தொலைநோக்கி, இத்தகைய 5000 இழைகளைக் கொண்டு ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களையும் அண்டங்களையும் படிக்கிறது. கருவி எவ்வளவு பெருகினாலும், அது செய்வது பாப்பு செய்த அதே வேலைதான்: ஒளியைப் பிரித்துக் கோடுகளைப் படிப்பது.