தன் உடலைத் தானே தாக்குமா? பால் எர்லிக் விட்டுச்சென்ற குழப்பம்

முடக்குவாதம் வந்தவரிடம் இன்றைய டாக்டர், உங்கள் நோய் எதிர்ப்பு சக்தியே உங்கள் மூட்டைத் தாக்குகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார். மருத்துவ உலகம் இதை ஏற்க அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்கு ஒரு காரணம், அந்தத் துறையின் மாமேதை ஒருவர்.

பால் எர்லிக், 1854-ல் சிலேசியாவில் பிறந்தவர். சாயப் பைத்தியம். எந்த செல் எந்தச் சாயத்தைப் பிடிக்குதுன்னு பார்த்துப் பார்த்தே, மாணவப் பருவத்தில் மாஸ்ட் செல்லை அடையாளம் கண்டவர். வாயில் எப்பவும் சுருட்டு. ஆன்டிபாடி என்பது பூட்டுக்கேற்ற சாவிபோல, எதிரியின் வடிவத்தோடு பொருந்துவது என்று 1897-லேயே விளக்கினார்.

1900 வாக்கில் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்தினார். வந்த ரத்தத்தை அழிக்கும் ஆன்டிபாடிகள் உருவாகின. ஆனா, எந்த ஆடும் தன் சொந்த ரத்தத்தைத் தொடவில்லை. இதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்' என்று பெயர் வைத்தார். தனக்கே நஞ்சாவதை உடல் அஞ்சித் தவிர்க்கிறது என்று அர்த்தம்.

அப்படித் தவிர்க்க உடலில் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்பதே அவர் கருத்து. பின்னால் வந்தவர்களோ அப்படி நடக்கவே நடக்காது என்று புரிந்துகொண்டார்கள். வியன்னாவில் 1904-லேயே, சொந்த ரத்தத்தை அழிக்கும் ஆன்டிபாடியைக் காட்டினார்கள். பெரிதாக எடுபடவில்லை. 1908-ல் நோபல், 1910-ல் சிபிலிஸுக்கு சால்வர்சான் மருந்து என்று புகழ் ஏறியவரின் சொல்லாச்சே! 1915-ல் அவர் இறந்தார். 1956-ல் முயல்களின் தைராய்டில் நடந்த சோதனைக்குப் பிறகே காற்று திரும்பியது.

இன்று ஆய்வகத்தில் கொலாஜன் புரதத்தை எண்ணெய் கலந்து எலிக்கு ஊசி போட்டால், சில வாரங்களில் பாதம் வீங்கிவிடும். வீங்கிய மூட்டில் என்ன நடக்குது? ஒரு நொதி, புரதங்களில் உள்ள ஆர்ஜினினை சிட்ருலினாக மாற்றுகிறது. மின்னேற்றம் மாறுகிறது, மடிப்பும் குலையலாம். சொந்தப் புரதம்தான், ஆனால் முகம் வேறு. இப்படி மாறிய புரதத்தை மனித உடல் அந்நியன் என்று நினைத்துத் தாக்குவதும் உண்டு. எர்லிக்கின் சாவிக் கணக்கு சரிதான். பூட்டு வீட்டுக்குள்ளேயே மாறும் என்பதுதான் அவருக்குத் தெரியாதது.

முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான். சிலருக்கு வலி தொடங்கப் பல ஆண்டுகள் முன்பே அது ரத்தத்தில் இருக்கும். எலைசா முறையில் பார்த்தால், நிறம் மாறுவதை வைத்துத்தான் ரிசல்ட் சொல்வார்கள்.