நஞ்சில் மருந்தைக் கண்டவர்

அளவு மீறினால் அமுதமும் நஞ்சாகும் என்பதை நாம் அறிவோம். அளவறிந்து கையாண்டால் நஞ்சும் மருந்தாகக்கூடும் என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்தார் ஒருவர். அவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர்; சிறந்த கவிஞரும் ஆவார். அவர் பெயர் யுஸ்டினுஸ் கெர்னர்.

இளமையும் கல்வியும்

கெர்னர் 1786ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் தென்மேற்கு ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் அரசு அலுவலர். 1799இல் தந்தையார் காலமானார். அதன்பின் கெர்னர் துணி ஆலை ஒன்றில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். அங்கும் அவர் கவிதை எழுதுவதைக் கைவிடவில்லை. அவருடைய திறமையை அறிந்த ஆசிரியர் ஒருவரின் உதவியால், 1804இல் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

மனநோயுற்ற பெருங்கவிஞர் ஹோல்டர்லின் அவ்வூர் மருத்துவமனையில் தங்கியிருந்தார். அவரைக் கவனிக்கும் பொறுப்பு மாணவராயிருந்த கெர்னருக்குக் கிடைத்தது. நோயாளியை அருகிலிருந்து நோக்கிக் குறிப்பெடுக்கும் பழக்கம் அவருக்குப் பிற்காலத்தில் பெருந்துணை ஆயிற்று. 1808இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார்.

புரியாத நோய்

கெர்னர் பணியாற்றிய வூர்ட்டம்பெர்க் பகுதி, போர்களால் வறுமையுற்றிருந்த காலம் அது. மக்கள் பன்றியின் இறைச்சியையும் இரத்தத்தையும் குடலுறையில் திணித்துப் புகையூட்டி நாள்பட வைத்து உண்டனர். இவ்வுணவை சாசேஜ் என்பர். கெட்டுப்போன சாசேஜை உண்ட சிலருக்குக் கொடிய நோய் கண்டது. வாய் வறண்டது, இமைகள் தாமே தாழ்ந்தன, பார்க்கும் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன, விழுங்க இயலவில்லை. பின்னர்க் கைகால்கள் தளர்ந்தன. இறுதியில் மூச்சும் நின்றது. ஆனால் அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாகவே இருந்தது.

இந்நோயைக் கண்டு கெர்னர் வருந்தினார், வருந்தியதோடு நின்றுவிடவில்லை. தாம் கண்டவற்றை எழுதித் தம் ஆசிரியர் ஔட்டன்ரீத்துக்கு அனுப்பினார். அவர் 1817இல் அதனை வெளியிட்டார். 1820இல் 76 நோயாளிகளைப் பற்றியும், 1822இல் 155 நோயாளிகளைப் பற்றியும் கெர்னர் விரிவான நூல்களை எழுதினார்.

தம் உடலே ஆய்வுக்களம்

நச்சு சாசேஜிலிருந்து கெர்னர் ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார். அதனைப் பூனை, முயல், தவளை முதலிய உயிர்களுக்குக் கொடுத்து அதன் விளைவுகளை ஆராய்ந்தார். பிறகு அச்சாற்றின் சில துளிகளைத் தாமே சுவைத்துப் பார்த்தார். நோயாளிகள் கூறிய துன்பங்களுள் சிலவற்றைத் தம் உடலிலும் உணர்ந்தார். அவர் உயிர் பிழைத்தது நற்பேறே. இத்தகைய செயலை இக்காலத்தில் எவரும் செய்தல் ஆகாது.

இந்த ஆய்வுகளால் அவர் ஓர் உண்மையை அறிந்தார். இந்நஞ்சு மூளையின் அறிவைக் கெடுப்பதில்லை. நரம்பின் வழியே செல்லும் செய்தியையே தடுக்கிறது. மின்கம்பியில் துரு ஏறினால் மின்னோட்டம் தடைப்படுவதுபோல, நஞ்சு ஏறிய நரம்பில் செய்தி தடைப்படுகிறது என்று அவர் விளக்கினார்.

அப்போது அவர் உள்ளத்தில் ஒரு புதிய எண்ணம் தோன்றியது. சில நோய்களில் நரம்புகள் அளவுக்கு மீறி இயங்குகின்றன. கைகால்கள் தாமே துள்ளியாடும் நோய் அவற்றுள் ஒன்று. நரம்பை அடக்கும் இந்நஞ்சை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அந்நோய்கள் தணியுமல்லவா? இவ்வாறு எண்ணிய கெர்னர், அதனை முடிந்த முடிபாக அறிவிக்கவில்லை. இது வெறும் கருதுகோளே என்றும், மெய்யா பொய்யா என்பதை வருங்கால ஆய்வுகளே காட்டும் என்றும் நேர்மையுடன் எழுதினார்.

காலம் காட்டிய உண்மை

கெர்னர் ஒன்றில் தவறினார். கொழுப்பிலிருந்து உண்டாகும் ஓர் அமிலமே அந்நஞ்சு என்று அவர் கருதினார். பாக்டீரியாக்கள் நோயை உண்டாக்கும் என்பதை மருத்துவ உலகம் அன்று அறிந்திருக்கவில்லை. 1895இல் பெல்ஜியத்தில் கெட்டுப்போன பன்றித்தொடை இறைச்சியை உண்டோர் நோயுற்றனர். அதனை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்னும் அறிஞர், நஞ்சை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா என்று கண்டறிந்தார். சாசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அந்நஞ்சு பாட்டுலினம் எனப் பெயர் பெற்றது.

கெர்னரின் கருதுகோள் மெய்யாவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், தூய்மைப்படுத்தப்பட்ட அந்நஞ்சை மிக நுண்ணிய அளவில் மாறுகண் உடையோரின் கண்தசைகளில் செலுத்தி வெற்றி கண்டார். 1989இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. மூளையின் கோளாற்றால் கழுத்தும் கைகளும் தாமே முறுக்கிக்கொள்ளும் நோய்க்கும், பக்கவாதத்துக்குப்பின் தசைகள் இறுகும் நிலைக்கும், தீராத ஒற்றைத் தலைவலிக்கும் இன்று அது பயன்படுகிறது. அது மூளையின் பழுதை நீக்குவதில்லை. ஆயினும் சில மாதங்களுக்கு நோயாளியின் துன்பத்தைத் தணிக்கிறது.

இறுதி நாள்கள்

கெர்னர் வைன்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் நெடுங்காலம் மருத்துவராக விளங்கினார். அவருடைய இல்லம் கவிஞர்கள் கூடும் இடமாயிற்று. முதுமையில் அவர்தம் கண்பார்வை மங்கியது. எழுதும்போது தாளில் தவறிச் சிந்திய மைத்துளிகளை அவர் வீணாக்கவில்லை. தாளை மடித்து, மை பரவித் தோன்றிய உருவங்களுக்கு ஏற்பக் கவிதை புனைந்து மகிழ்ந்தார். 1862ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

தம் எண்ணம் மெய்யானதைக் காண அவர் வாழ்ந்திருக்கவில்லை. எனினும், கொல்லும் பொருளிலும் காக்கும் ஆற்றலைத் தேடிய அவருடைய நோக்கு, இன்று பலருடைய துயரைத் துடைத்து வருகிறது.

சொற்பொருள்

நற்பேறு – நல்ல வாய்ப்பு
கருதுகோள் – இன்னும் மெய்ப்பிக்கப்படாத கருத்து
முடிந்த முடிபு – மாறாத முடிவு
புனைதல் – இயற்றுதல்

விடை எழுதுக

1. கெட்டுப்போன சாசேஜை உண்டோர்க்குத் தோன்றிய அறிகுறிகள் யாவை?
2. நஞ்சு நரம்பைத் தாக்கும் முறையைக் கெர்னர் எதனோடு ஒப்பிட்டார்?
3. கெர்னர் தம் எண்ணத்தைக் கருதுகோள் என்றே எழுதியது அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது?
4. கெர்னரின் கருத்துகளுள் தவறானது எது? சரியானது எது?