65 டாலரும் ஒரு குதிரையும்

கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாளில், 'டிவி' முன் உட்கார்ந்து என்ன கொறிப்பீர்கள்? குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் என்றால் முறுக்கு, தட்டை, அவித்த வேர்க்கடலை இருக்கும். அமெரிக்காவிலும் இப்படி ஒரு நாள் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் 'சூப்பர் பௌல்' எனப்படும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி நடக்கும். அன்று உறவினரும் நண்பர்களும் ஒரே வீட்டில் கூடிவிடுவர். நடுவில் ஒரு பெரிய கிண்ணம்; அதில் ஆவி பறக்க, கெட்டிக் குழம்பு போல் உருகிய சீஸ். சோள சிப்சை அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவர். இதற்கு, 'சீஸ் டிப்' என்று பெயர்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சாதாரண சீசை அடுப்பில் வைத்து அதிகம் சூடாக்கிப் பாருங்கள். எண்ணெய் தனியே மிதக்கும். அடியில் ரப்பர் போல ஒரு கட்டி கிடக்கும். வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து வந்தால் அம்மாவுக்கு மகிழ்ச்சி. சீசில் எண்ணெய் பிரிந்தால் அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டியதுதான்! அப்படிப் பிரியாத சீசை அமெரிக்கக் கடைகளில் நிரப்பியவர், ஒரு குதிரை வண்டி வியாபாரி. அவர் பெயர், ஜேம்ஸ் லூயிஸ் கிராப்ட்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்டீவன்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே, 1874 டிசம்பர் 11-ல் பிறந்தார் கிராப்ட். பெற்றோருக்கு 11 குழந்தைகள். அதில் இவர் இரண்டாமவர். மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைக்கும் குடும்பம். வளர்ந்ததும், போர்ட் எரி என்ற ஊரில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்றபோதுதான், சீஸ் வியாபாரத்தில் இருக்கும் தொல்லை அவருக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் சீஸ், வண்டிச் சக்கரம் போலப் பெரிய பெரிய வட்டங்களாகக் கடைக்கு வரும். கேட்பவருக்குக் கேட்ட அளவு வெட்டிக் கொடுப்பார் கடைக்காரர். வெட்டிய பக்கம் மறுநாள் காய்ந்து போகும். இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். அதைச் செதுக்கி எறிந்தால்தான் அடுத்தவருக்கு விற்க முடியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. கோடை வந்தால் கேட்கவே வேண்டாம். எறிந்தது எல்லாம் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால், பலர் சீஸ் வாங்கி வைக்கவே தயங்கினர்.

சேமித்த பணத்துடன் அமெரிக்காவின் பபலோ நகருக்குப் போய், ஒரு சீஸ் நிறுவனத்தில் பங்குதாரர் ஆனார் கிராப்ட். சிகாகோ கிளையைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பி வைத்தனர். அவர் அங்கே போனதும், மற்றப் பங்குதாரர்கள் அவரை நிறுவனத்திலிருந்தே கழற்றி விட்டனர். தெரியாத ஊர்; உதவ ஆள் இல்லை. கையில் இருந்தது, 65 டாலர் மட்டும்.

இது நடந்தது 1903-ல். ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், அவர் போகவில்லை. ஒரு வண்டியையும், 'பேடி' என்ற குதிரையையும் வாடகைக்கு எடுத்தார். விடியும் முன்பே சிகாகோவின் மொத்த விற்பனைச் சந்தைக்குப் போவார். அங்கே சீஸ் வாங்கி, வண்டியில் ஏற்றி, தெருத் தெருவாக மளிகைக் கடைகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பார். சின்னக் கடைக்காரர்கள் சந்தைக்கு அலைய வேண்டாம் அல்லவா? அதுதான் அவருடைய யோசனை.

யோசனை நல்லதுதான், ஆனால், முதல் ஆண்டில் லாபம் வரவில்லை. வந்தது, 3,000 டாலர் நஷ்டம்! 65 டாலரில் தொடங்கியவருக்கு இது எவ்வளவு பெரிய கடன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரையும் கைவிட்டுப் போனது. அப்போதும் அவர் விடவில்லை. மெல்ல மெல்ல வாடிக்கையாளர்கள் சேர்ந்தனர். தம்பிகளும் ஒவ்வொருவராக வந்து தோள் கொடுத்தனர். 1909-ல், அண்ணன் தம்பிகள் பெயரிலேயே நிறுவனம் பதிவானது. 1914-ல், இல்லினாய் மாநிலத்தின் ஸ்டாக்டன் என்ற சிற்றூரில் சொந்தத் தொழிற்சாலையும் வந்தது.

ஆனாலும், மளிகைக் கடையில் பார்த்த அந்தப் பூசணம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. கெடாத சீஸ் வேண்டும். சூடாக்கினால் பூசணத்துக்கும் கிருமிக்கும் காரணமானவை அழிந்துவிடும். பிரான்ஸ் விஞ்ஞானி லூயி பாஸ்டர் காட்டிய வழி அது. சூடாக்கினால் எண்ணெய் பிரிந்து விடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

இங்கே கொஞ்சம் அறிவியல் பார்ப்போம். சீசில் பாலின் புரதம் ஒரு மீன் வலை போல் பின்னிக் கிடக்கிறது. அந்த வலையின் கண்களில் கொழுப்பு சிக்கியிருக்கிறது. வலையின் முடிச்சுகளை இறுக்கிப் பிடித்திருப்பது, பாலில் உள்ள கால்சியம். சூடு அதிகமானால் வலை சுருங்கும். உள்ளே இருக்கும் கொழுப்பு பிதுங்கி வெளியே ஓடிவிடும். நாம் பார்க்கும் எண்ணெய் அதுதான்.

பல முறை முயன்று தோற்ற பிறகு, ஒரு வழி கண்டார் கிராப்ட். சீசைத் துருவி, சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 நிமிடம் வைத்து, ஒரு வினாடிகூட நிறுத்தாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அல்வா கிண்டுவது போல! விடாமல் கிளறியதால் கொழுப்பு பிரிந்து ஓடாமல், சீஸ் ஒரே மாவாகச் சேர்ந்து நின்றது. அதைச் சூட்டோடு தகர டப்பாவில் ஊற்றி மூடினார். டப்பா மாதக்கணக்கில் கெடவில்லை. 1916 ஜூன் 13-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த எண்ணம் உலகில் அவருக்கு மட்டும் தோன்றியது அல்ல. சுவிட்சர்லாந்தின் தூன் நகரில், வால்டர் கெர்பர், பிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், 1911-லேயே இன்னொரு வழியில் இதைச் செய்துவிட்டனர். அவர்கள் சேர்த்தது சோடியம் சிட்ரேட் என்ற உப்பு. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் உப்பு இது. வலையின் முடிச்சில் உள்ள கால்சியத்தை இது பிடித்துக்கொள்ளும். முடிச்சு தளர்ந்ததும் புரதம் கொழுப்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். அப்புறம் எண்ணெய் எங்கே பிரிவது? இன்று பதப்படுத்திய சீஸ் செய்யும் எல்லாருமே இப்படி ஏதாவது ஓர் உப்பைச் சேர்க்கின்றனர்.

முதல் உலகப் போரில் 1917-ல் அமெரிக்கா இறங்கியது. கெடாத உணவு ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. கிராப்டின் டப்பா சீசை 60 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 27 லட்சம் கிலோ, அரசு வாங்கியது. வண்டியில் சீஸ் விற்றவர் பெரும் பணக்காரர் ஆனார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. சீசை மாதக்கணக்கில் பக்குவமாகப் பழுக்க வைத்துச் செய்யும் உற்பத்தியாளர்களுக்குக் கோபம் வந்தது. உருக்கி ஊற்றியதை எப்படி சீஸ் என்று விற்கலாம் என்று சண்டைக்கு வந்தனர். கடைசியில், பதப்படுத்திய சீஸ் என்று டப்பா மேல் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று ஆயிற்று. எனக்கு அவர்கள் கோபம் நியாயமாகவே படுகிறது. வாங்குபவருக்கு, எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா? நம் ஊர்க் கடையில் வாங்கும் சீஸ் கட்டியின் அட்டையையும் திருப்பிப் பாருங்கள். 'பதப்படுத்தப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருக்கும். குஜராத்தின் ஆனந்த் நகரில், 1946-ல் விவசாயிகள் தொடங்கிய அமுல் கூட்டுறவு, எருமைப் பாலிலும் இந்த வகை சீசைச் செய்து காட்டியது.

பெரிய முதலாளி ஆன பிறகு, கிராப்டுக்கு விசித்திரமான ஒரு பொழுதுபோக்கு இருந்தது. ஜேட் எனப்படும் பச்சைக் கற்களைத் தேடிப் பொறுக்குவார். தன் கையாலேயே அறுத்து, மெருகேற்றுவார். அதில் மோதிரம் செய்து, தன் ஊழியர்களுக்குப் பரிசளிப்பார். ஜேட் பற்றி 1947-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

சிகாகோவில் 1953 பிப்ரவரி 16-ல் கிராப்ட் காலமானார். சூடாக்கி ஊற்றும் சீஸ் குழம்பைப் பாட்டிலில் அடைத்து, அவருடைய நிறுவனம் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு விட்டது அதே ஆண்டில்தான். முதல் சூப்பர் பௌல் போட்டி நடந்தது 1967-ல். அந்தக் கிண்ணத்தைச் சுற்றிக் கூடும் கூட்டத்தை அவர் பார்க்கவில்லை.

அடுத்த மேட்ச் அன்று நீங்களும் செய்து பார்க்கலாம். அடுப்பு வேலைக்கு அம்மாவோ, அப்பாவோ அருகில் இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போகும் வரை வறுக்கவும். ஒரு டம்ளர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறவும். கெட்டியானதும் தீயை நன்றாகக் குறைத்து, துருவிய பதப்படுத்திய சீஸ் 100 கிராமை, கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறவும். கொதிக்க விடக்கூடாது! கடைசியில் மிளகுத்தூள், விதை நீக்கிப் பொடியாக நறுக்கிய தக்காளி, கொஞ்சம் பச்சை மிளகாய். சீசிலேயே உப்பு இருப்பதால், தனியாக உப்பு போட வேண்டாம். சோள சிப்ஸ் தேட வேண்டியதில்லை. தட்டையை ஒடித்துத் தோய்த்தால் நன்றாகவே இருக்கும். ஆறினால் இறுகும். இடைவேளையில் இரண்டு ஸ்பூன் பால் ஊற்றி, மறுபடி இளம் சூட்டில் கிளறினால், பழையபடி இளகிவிடும்.