மனந்திரும்பிய மாலுமி ஜான் நியூட்டன்

கிறிஸ்தவ மறையின் அடிப்படைச் சொற்களுள் ஒன்று மனந்திரும்புதல். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இதனைக் குறிக்கும் மெட்டனோயா என்னும் சொல் சிந்தை மாறுதல் என்னும் பொருளது. தமிழ் அதனைத் திரும்புதல் என்கிறது. திரும்புதல் என்றால் நடந்து கடக்க வேண்டிய தொலைவும் உண்டு. அத்தொலைவை அளந்து காட்டும் வாழ்வு ஜான் நியூட்டனுடையது. உலகெங்கும் பாடப்பெறும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாடலை இயற்றியவர் இவர். ஒரே புயலிரவில் பாவி புனிதரானார் என்று இவர் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மை வரலாறு அவ்வளவு எளிதன்று.

இளமையும் வீழ்ச்சியும்

நியூட்டன் 1725ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் வாப்பிங் துறைமுகப் பகுதியில் பிறந்தார். தந்தையார் வணிகக் கப்பலின் தலைவர். வேத வசனங்களையும் ஞானப்பாட்டுகளையும் கற்பித்த தாயார், மகனுக்கு ஏழு வயது நிறையுமுன் காசநோயால் மறைந்தார். பதினோராம் வயதில் தந்தையுடன் கடலேறிய நியூட்டன், 1744இல் கடற்படையினரால் வலிந்து பிடிக்கப்பட்டுப் போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பெற்றார், பதவியும் இழந்தார். இறைநம்பிக்கையை ஏளனம் செய்வதும் பிறர் நம்பிக்கையைக் குலைப்பதும் அவருக்கு அந்நாளில் இன்பமாயின.

பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகன் ஒருவனிடம் பணியில் சேர்ந்தார். அவ்வணிகனுடைய துணைவியின் வெறுப்புக்கு ஆளாகி, நோயிலும் பசியிலும் வாடினார். அந்நிலையிலும் யூக்ளிடின் வடிவகணித நூலை வைத்துக்கொண்டு, கடற்கரை மணலில் கோலால் உருவங்கள் வரைந்து கற்றார் என்பது வியப்புக்குரியது.

புயல்

தந்தையின் வேண்டுகோளின்படி அவரைத் தேடிவந்த 'கிரேஹவுண்ட்' என்னும் கப்பலில் தாயகம் திரும்பும்போது, 1748 மார்ச் 21 அன்று, அட்லாண்டிக் கடலில் கடும்புயல் தாக்கியது. மேல்தளத்திற்கு ஏற முற்பட்டவரைக் கத்தியொன்று எடுத்துவருமாறு தலைவர் திருப்பியனுப்பினார். அவருக்கு மாறாக ஏறிய மாலுமியை அலை அடித்துச் சென்றது. சரக்காக இருந்த தேன்மெழுகும் இலேசான மரங்களும் உடைந்த கலத்தை மிதக்கவைத்தன. நீரை இறைத்தும் சுக்கான் பிடித்தும் களைத்த நியூட்டன், தம்மையறியாமல் இறைவனின் இரக்கத்தை நாடினார். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின் கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வந்தார்.

புயலுக்குப் பின்

கதையைச் சுருக்குவோர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். ஆனால் கரையேறிய நியூட்டன் மீண்டும் அடிமைக் கப்பலிலேயே ஏறினார். 1750 முதல் 1754 வரை தலைவராக மும்முறை ஆப்பிரிக்கா சென்று மனிதரை விலைக்கு வாங்கினார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். தளத்தின் கீழோ மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். இறந்த அடிமைகளைப் பெயரின்றி எண்ணால் மட்டுமே நாட்குறிப்பில் பதிந்தார். மனிதத்தன்மை மிக்க வேறு தொழில் வேண்டுமென அவர் வேண்டியதுண்டு. ஆயினும் அத்தொழில் பாவமென்று அந்நாளில் அவர் உணரவில்லை. 1754இல் அவரைக் கடலிலிருந்து பிரித்தது திடீர் நோயேயன்றி மனச்சான்று அன்று. புயலின் நாளில் தாம் முழுமையான விசுவாசியாகிவிடவில்லை எனப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

பாட்டும் நட்பும்

லிவர்பூலில் சுங்கப் பணி புரிந்துகொண்டே கிரேக்கமும் எபிரேயமும் பயின்று, 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் சிற்றூருக்கு வந்தார். அங்கே கவிஞர் வில்லியம் கூப்பர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து எழுதிய 'ஓல்னி ஞானப்பாட்டுகள்' 1779இல் வெளிவந்தது. அதிலுள்ள 348 பாடல்களில் பெரும்பாலானவை நியூட்டனுடையவை. 'அமேசிங் கிரேஸ்' 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் மறையுரைக்கென எழுதப்பெற்றது. இன்று நாம் கேட்கும் மெட்டு 1835இல் அமெரிக்காவில் அதனுடன் இணைந்தது.

அதே 1773 சனவரியில் கூப்பர் கொடிய மனச்சோர்வில் வீழ்ந்தார். இறையருள் தமக்கு மட்டும் இல்லை என்னும் எண்ணம் அவரை விட்டு முற்றும் நீங்கவேயில்லை. நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்துப் பேணினார். அருளைப் பாடியவருக்கு, அதை நம்ப இயலாத நண்பரின் அருகில் அமர்ந்திருப்பதும் பணியாயிற்று.

தாமதமான ஒப்புதல்

1780 முதல் இலண்டனில் பணியாற்றிய நியூட்டனை, 1785இல் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் மறைவாகச் சந்தித்தார். அரசியலைத் துறந்து ஊழியம் செய்வதா என்று தயங்கியவரை, நாடாளுமன்றத்திலேயே இருந்து தொண்டாற்றுமாறு நியூட்டன் அறிவுறுத்தினார். 1788இல் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். அவ்வணிகத்தில் தாம் ஆற்றிய பங்கை அதில் ஒப்புக்கொண்டார். தம் ஒப்புதல் காலங்கடந்தது என்பதையும் மறைக்கவில்லை. அரசின் ஆலோசனை மன்றத்திலும் நாடாளுமன்றக் குழுவிலும் நேரில் சாட்சியம் அளித்தார். கூப்பரும் அதே ஆண்டில் அடிமை வணிகத்திற்கு எதிராகக் கவிதை எழுதினார்.

1807 மார்ச்சில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பார்வை மங்கிய முதியவராய் அதனை அறிந்த நியூட்டன், அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று மறைந்தார். பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது.

புயலுக்கும் ஒப்புதலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். பாட்டுக்கும் ஒப்புதலுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். பாட்டோடு அவர் நின்றிருந்தால் நமக்கு ஓர் இனிய பாடல் மட்டுமே எஞ்சியிருக்கும். அவருடைய கப்பல்களில் மாண்டோரை எந்த ஒப்புதலும் மீட்டுத் தந்துவிடாது. அதை அறிந்தே அவர் வாய் திறந்தார். மறுவாய்ப்பு என்பது பழையதை மறக்கக் கிடைத்த உரிமையன்று, அதற்குச் சாட்சி சொல்லக் கிடைத்த காலம் என்பதை இவ்வாழ்வு உணர்த்துகிறது. தம் கல்லறைக்கென அவரே எழுதிவைத்த வாசகத்திலும், முன்னாளில் தாம் இறைநம்பிக்கையற்றவராகவும் ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாகவும் இருந்ததை முதலில் பதிந்துவிட்டே, அருளால் பெற்ற மன்னிப்பைக் குறித்தார்.