காஞ்சி தந்த அண்ணாவும் எல்லை காத்த வீரர்களும்

காஞ்சி மாநகரில் வாழும் நமக்கு அறிஞர் அண்ணாவை அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை. அவர் பிறந்து வளர்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக நம் ஊரிலேயே இருக்கிறது. அவருடைய பேச்சாற்றலையும் எழுத்தாற்றலையும் பற்றிப் பலர் பல மலர்களில் எழுதிவிட்டனர். நாம் சொல்லப் புகுவது வேறொன்று. போர் மூண்ட நாளில் எல்லையில் நின்ற வீரர்களுக்கு, போருக்குப் போகாத ஒருவர் எவ்வாறு துணை நின்றார் என்பதே அது. கட்சி அரசியல் நமக்கு வேண்டாம், தோழியரே, மனிதரைப் பார்ப்போம்.

1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடராசனுக்கும் பங்காரு அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் அண்ணாதுரை. நெசவாளர் குலம், எளிய குடும்பம். பச்சையப்பன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே வீட்டு வறுமையைத் தாங்க நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார். 1942இல் காஞ்சியிலிருந்து திராவிட நாடு என்னும் வார இதழைத் தொடங்கினார். நாடகங்கள் எழுதினார், அவற்றில் தாமே நடித்தார். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார்.

1953ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கிக் கிடந்தது. ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் தறிகள் ஓய்ந்தன. நெசவாளர் வீடுகளில் அடுப்பும் ஓய்ந்தது. அண்ணாவும் அவர் தோழர்களும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். எம்.ஏ. படித்தவர், பெரும் பேச்சாளர், துணி மூட்டையோடு வீட்டு வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் வாங்காமலிருக்க மனம் வரும்? அந்த விற்பனையால் நெசவாளர் துயரமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தங்களை நினைக்க ஆள் இருக்கிறது என்ற தெம்பு அவர்களுக்குக் கிடைத்தது. தறிக்குழியில் கால் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களிலிருந்து வரும் நம்மில் பலருக்கு அந்தத் தெம்பின் மதிப்பு தெரியும்.

இனி 1962ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டுத் தேர்தலில் அண்ணா சொந்த ஊராகிய காஞ்சியிலேயே தோற்றார்! பிறகு மாநிலங்களவை உறுப்பினராக டில்லி சென்றார். மே மாதம் அங்கே நிகழ்த்திய முதல் உரையிலேயே திராவிட நாடு தனிநாடாக வேண்டும் என்று வாதாடினார். அவருடைய கட்சியின் உயிர்க்கொள்கை அதுவாக இருந்தது. விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடி வேலூர்ச் சிறைக்கும் போய் வந்தார். மத்திய அரசோடும், காமராசர் முதலமைச்சராயிருந்த மாநில அரசோடும் அவருக்கு இருந்த பிணக்கு சிறிதன்று.

அந்நிலையில்தான் அக்டோபர் 20ஆம் நாள் சீனப்படை இமய எல்லையில் பெருந்தாக்குதல் தொடுத்தது. கிழக்கே நம்கா சூ ஆற்றங்கரையில் நம் வீரர்கள் நின்ற கோலத்தைப் படித்தால் கண் கலங்கும். சமவெளியிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பலருக்கு மெல்லிய பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியுமே இருந்தன. பனி கொட்டும் மலையில், பழைய துப்பாக்கியோடும் போதாத தோட்டாவோடும் போரிட்டார்கள். மேற்கே லடாக்கில், 16,000 அடிக்கு மேற்பட்ட ரெசாங் லா கணவாயில், மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் நின்ற குமாவுன் படைப்பிரிவு நவம்பர் 18ஆம் நாள் ஏறக்குறைய முழுவதும் மடிந்தது. அவர்களுடைய உடல்கள் மறு ஆண்டில்தான் கண்டெடுக்கப்பட்டன. உறைந்த கைகளில் துப்பாக்கி பிடித்தபடியே பலர் கிடந்தனராம்.

செய்தி பரவியதும் நாடு கொதித்தெழுந்தது. தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கப்பட்டது. பெண்கள் கை வளையலையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். இந்திரா காந்தி அம்மையாரும் தம் நகைகளைத் தந்தார். இளைஞர்கள் இரத்த தானத்துக்கு வரிசையில் நின்றார்கள். கம்பளி நூலை வாங்கி, முகம் தெரியாத வீரனுக்காகச் சட்டை பின்னிய தாய்மார் பலர்.

அண்ணா என்ன செய்யப் போகிறார் என்று நாடே பார்த்தது. டில்லி அரசு நெருக்கடியில் தவிக்கும் நேரம். தனிநாடு கேட்பவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்று எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள். அவரோ தம் கோரிக்கையை ஒதுக்கி வைத்தார், கிளர்ச்சிகளை நிறுத்தினார், போர் முயற்சிக்கு முழு ஆதரவு என அறிவித்தார். நாடு இருந்தால்தானே கட்சி என்பது அவர் கொண்ட நிலை. மேடை மேடையாக ஏறிப் பாதுகாப்பு நிதிக்கு வாரி வழங்குமாறு மக்களை வேண்டினார். அவருடைய கழகத்தாரும் நிதி திரட்டும் பணியில் இறங்கினர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நெசவாளருக்காகத் துணி சுமந்த தோள், இப்போது முகமறியாத வீரர்களுக்காகத் துண்டேந்தியது என்று நமக்குத் தோன்றுகிறது.

பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி சட்டம் வரப்போவதை அறிந்தே அண்ணா பின்வாங்கினார் என்று சிலர் சொல்வதுண்டு. அரசமைப்பின் 16ஆவது திருத்தம் 1963இல் வந்தது உண்மை. கழகம் தன் கோரிக்கையை முறைப்படி கைவிட்டதும் அவ்வாண்டிலேயே. ஆனால் வீரர்களுக்காக அவர் மேடை ஏறியது 1962இல், குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தபோது. ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முந்தியது எது என்பது விளங்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நவம்பர் 21ஆம் நாள் போர் நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் முடிந்த போரில், நம் தாய்மார் பின்னிய கம்பளிச் சட்டை நம்கா சூவில் நின்றவனைப் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. அப்படியானால் அத்தனை அன்பும் வீணா? ஏறத்தாழ 4,000 வீரர்கள் சிறைப்பட்டு, அவர்களில் பெரும்பாலோர் 1963இல்தான் திரும்பினார்கள். தோல்வியைச் சுமந்து வந்த அவர்களுக்கு, ஊர் தங்களைப் பழிக்கவில்லை, தங்களுக்காகத் தாலிக்கொடி தவிர மற்றதையெல்லாம் கழற்றித் தந்தது என்று கேட்பது எப்பேர்ப்பட்ட ஆறுதலாக இருந்திருக்கும்! வீட்டுக்கு வராமலே போனவர்களின் அன்னையர்க்கும் அப்படித்தான்.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டியதும், 1968 சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியதும் எல்லோரும் அறிந்தவை.

அதே 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அழைப்பை ஏற்று வெளிநாடு சென்றபோது உரோமாபுரிக்கும் போனார். திருத்தந்தை ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தார். இவர்தாம் 1964இல் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்த பாப்பரசர். பெரியவர்களைக் காணச் செல்பவர் தமக்கோ தம் மாநிலத்துக்கோ ஏதேனும் கேட்பது வழக்கம். அண்ணா கேட்டது தமிழரல்லாத ஒருவரின் விடுதலையை! மோகன் ரானடே என்னும் மராட்டியர், கோவாவைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்கப் போராடி 1955இல் பிடிபட்டவர். 1961 டிசம்பரில் நம் படை கோவாவை மீட்டது. ஆனால் ரானடே லிஸ்பன் அருகே சிறையிலேயே கிடந்தார். கோவா கொண்டாடியது, நாட்டில் பெரும்பாலோர் அவரை மறந்துவிட்டார்கள். போர்ச்சுகல் கத்தோலிக்க நாடு. திருத்தந்தையின் சொல்லுக்கு அங்கே மதிப்புண்டு என்பதை அறிந்தே அண்ணா அந்த வேண்டுகோளை வைத்தார். அவருக்காக மராட்டியப் பாடகர் சுதீர் பட்கே முதலியோரும் ஓயாது முயன்றுகொண்டிருந்தனர்.

1969 சனவரி இறுதியில் ரானடேக்குச் சிறைக்கதவு திறந்தது. பதினான்காவது ஆண்டில் அவர் வெளிக்காற்றைச் சுவாசித்தபோது, அண்ணா சென்னையில் புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். பிப்ரவரி 3ஆம் நாள் அவர் கண் மூடினார். தமக்காகத் திருத்தந்தையிடம் பேசிய அந்தக் காஞ்சிக்காரரை நேரில் கண்டு நன்றி சொல்ல ரானடேக்கு வாய்க்கவில்லை.