42-ஆம் நம்பர் சட்டைக்காரர்



இந்த மாசம் சுவர்ப் பத்திரிகையில் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டிய முறை எனக்கு. ஒரு விளையாட்டு வீரரைப் பத்தித்தான் எழுதுவேன் என்று சார்கிட்ட அடம்பிடித்து வாங்கினேன். படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அவர் மைதானத்தில் பட்ட கஷ்டம் பாதி என்றால் அரசியலில் பட்டது மீதிப் பாதி! அவர்தான் அமெரிக்காவின் ஜாக்கி ராபின்சன்.

பேஸ்பால் என்றால் நம்ம கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா பையன் மாதிரி. மட்டை உண்டு, பந்து உண்டு, ஓட்டமும் உண்டு. அங்கே ஒவ்வொரு ஏப்ரல் 15-ஆம் தேதியும் பெரிய லீக்கில் ஆடுற அத்தனை பேரும் 42 என்ற ஒரே எண் போட்ட சட்டையில் இறங்குவார்கள். 2009 முதல் இந்த வழக்கம். அந்த எண் ராபின்சனுடையது.

ராபின்சன் 1919 ஜனவரி 31 அன்று தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அவருடைய முன்னோர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா மாலி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 1920-இல் கலிபோர்னியாவின் பாசடீனா ஊருக்கு ரயில் ஏறினார். வீட்டு வேலை செய்தே ஐந்து பேரையும் வளர்த்தார்.

அந்த ஊரிலும் கறுப்பர்கள் நகராட்சி நீச்சல் குளத்தில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இறங்கலாம். அண்ணன் மேக் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஊருக்குத் திரும்பியதும் அவருக்குக் கிடைத்தது தெரு கூட்டுற வேலை. தம்பி ஜாக்கி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்.

கல்லூரியில் நான்கு விளையாட்டில் கலக்கினார். பிறகு ராணுவத்தில் அதிகாரி ஆனார். 1944-இல் டெக்சாஸ் முகாமில் ராணுவப் பஸ்ஸின் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது.

அந்தக் காலத்தில் பெரிய லீக்கில் வெள்ளையர் மட்டும்தான் ஆடுவார்கள். ஏறத்தாழ அறுபது வருஷமா அப்படித்தான். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி இதை உடைக்க நினைத்து 1945-இல் ராபின்சனைக் கூப்பிட்டார். ஒரே நிபந்தனை. யார் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் திருப்பி அடிக்கக் கூடாது. பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்! ஆனாலும் ஒத்துக்கொண்டார். 1947 ஏப்ரல் 15 அன்று மைதானத்தில் இறங்கினார். எதிரணிக்காரர்கள் திட்டினார்கள், கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவர் மட்டையால் மட்டும் பதில் சொன்னார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 1949-இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். 1956 சீசனோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயமே!

அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி. அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். அதனால் கறுப்பர்கள் பல காலம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். தெற்கு மாநிலங்களில் தனிப் பள்ளிக்கூடம், தனிக் குடிநீர்க் குழாய் என்று பிரித்து வைத்து ஆட்சி செய்தவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஆனால் 1930-களின் பஞ்ச காலத்தில் அதே ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் வேலையும் உதவியும் கொடுத்தார். 1936 தேர்தலில் கறுப்பர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போனார்கள். இருந்தாலும் 1950-களில் அவர்கள் ஓட்டு இரண்டு பக்கமும் பிரிந்துதான் இருந்தது.

ராபின்சன் நினைத்தது இதுதான். எங்கள் மக்களின் ஓட்டு முழுக்க ஒரே கட்சியின் பையில் விழுந்தால், அந்தக் கட்சி எங்களைக் கண்டுகொள்ளாது. மற்றக் கட்சி எங்கள் வாசலுக்கே வராது. ஆகவே இரண்டு கட்சியிலும் ஆள் இருக்க வேண்டும். கேட்க நல்லாத்தானே இருக்கு? ஆனால் இதற்காக அவர் நிறையப் பேச்சு வாங்கினார். அவர் வெள்ளைக்கார முதலாளிகளுக்காக வேலை செய்கிறார் என்று 1963-இல் மால்கம் எக்ஸ் எழுதினார். ராபின்சனும் விடாமல் பதில் எழுதினார்.

1960 ஜனாதிபதித் தேர்தல். ராபின்சன் முதலில் ஆதரித்தது ஜனநாயகக் கட்சியின் ஹ்யூபர்ட் ஹம்ப்ரியை. அவர் போட்டியில் தோற்று, கென்னடி வேட்பாளர் ஆனார். கென்னடி தெற்கத்தி இனவெறித் தலைவர்களோடு நெருக்கமாக இருக்கிறார் என்று ராபின்சனுக்குச் சந்தேகம். எனவே குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்ஸனுக்காக ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார்.

தேர்தலுக்குச் சில வாரம் முன்னால், அக்டோபரில், அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங்கைக் கைது செய்து பிறகு மாநிலச் சிறையில் போட்டார்கள். கென்னடி கிங்கின் மனைவிக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னார். நீங்களும் ஏதாவது செய்யுங்கள் என்று ராபின்சன் நிக்ஸனிடம் மன்றாடினார். நிக்ஸன் அசையவில்லை. நிக்ஸனை ஆதரித்து வந்த கிங்கின் அப்பாவே கென்னடி பக்கம் மாறினார். ராபின்சன் மட்டும் மாறவில்லை! கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா, பிடிவாதமா? எனக்கே புரியவில்லை. ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல் பதிவான ஓட்டில், ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கென்னடி ஜெயித்தார். அந்த ஒரு போன் எவ்வளவு ஓட்டைக் கொண்டுவந்ததோ!

அடுத்தது 1964. கறுப்பர்களைப் பிரித்து வைப்பதைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டத்தை ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஜான்சன் கொண்டுவந்தார். குடியரசுக் கட்சி செனட்டர்களில் பெரும்பாலோர் அதை ஆதரித்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் பாரி கோல்ட்வாட்டர். அடுத்த மாசமே சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் குடியரசுக் கட்சி அவரையே வேட்பாளர் ஆக்கியது! ராபின்சன் நேரில் இருந்தார். அவர் ஆதரித்த ராக்ஃபெல்லரைப் பேசவிடாமல் கூட்டம் ஊளையிட்டது. அங்கிருந்த கொஞ்சம் கறுப்புப் பிரதிநிதிகள் அவமானப்பட்டார்கள். ராபின்சன் மனம் நொறுங்கி, அந்தத் தேர்தலில் ஜான்சனுக்கு ஆதரவாக நின்றார்.

முடிவு என்ன தெரியுமா? கோல்ட்வாட்டர் ஜெயித்தது ஆறே மாநிலம். ஒன்று சொந்த ஊர் அரிசோனா. மற்ற ஐந்தும் ஆழ்தெற்கு மாநிலங்கள்! கருத்துக் கணிப்புக் கணக்கில், 1960-இல் கறுப்பர்களில் நூற்றுக்கு முப்பது பேர் போல நிக்ஸனுக்குப் போட்டிருந்தார்கள். 1964-இல் கோல்ட்வாட்டருக்குப் போட்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் போலத்தான். எது நடக்கக் கூடாது என்று ராபின்சன் பயந்தாரோ, அதுவே நடந்துவிட்டது.

1968-இல் நிக்ஸன் மறுபடி நின்றார், இந்த முறை தெற்கத்தி வெள்ளையர் ஓட்டைக் குறிவைத்து. அப்போது ராபின்சன் நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லரிடம் வேலையில் இருந்தார். அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு, நிக்ஸனை எதிர்த்து நின்ற ஹம்ப்ரிக்காக உழைத்தார். 1972-இல் வந்த சுயசரிதையில், 1960-இல் தான் எடுத்த முடிவு நல்ல முடிவு அல்ல என்று தானே ஒத்துக்கொண்டார்.

1972 அக்டோபர் 15. முதல் ஆட்டத்தின் 25-ஆம் ஆண்டுக்காக சின்சினாட்டி மைதானத்தில் பாராட்டு விழா. சர்க்கரை நோயால் கண் பார்வை ஏறக்குறைய போயிருந்தது. முந்தைய வருஷம்தான் மூத்த மகனை விபத்தில் இழந்திருந்தார். வேறு ஒருவராக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். இவரோ, ஒரு கறுப்பர் அணியை நடத்தும் மேலாளராக இருப்பதைப் பார்க்க ஆசை என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஒன்பதாம் நாள், அக்டோபர் 24 அன்று, 53 வயதில் மாரடைப்பால் இறந்தார். 1975-இல் ஃபிராங்க் ராபின்சன் (சொந்தக்காரர் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று) முதல் கறுப்பு மேலாளர் ஆனார்.

நண்பர்களே, இவர் எப்பவும் சரியாகத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். 1960-இல் தப்பாகத் தேர்ந்தெடுத்தார். எனக்குப் பிடித்தது, அந்தத் தப்பை மறைக்காமல் எழுதி வைத்ததுதான். கட்சியிடம் அவர் வைத்த கேள்வி ஒன்றே ஒன்று: என் மக்களுக்கு நீ என்ன செய்தாய்? பதில் வராதபோது சொந்த வேலையையே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். ஒரு கூட்டத்து மக்கள் எல்லாரும் ஒரே கட்சியில் சேர்ந்து நிற்பது பலமா? இல்லை, இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது பலமா? உங்க பதிலை இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்க. பென்சிலில் எழுதாதீங்க, அழிஞ்சிடும்!


– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்